கறுப்பு அன்னம்

தமிழ்ப் புலவர் பாடிய அன்னம் வெண்ணிறமானது. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் ஆற்றலை அதன்மேல் ஏற்றிச் சொன்னார்கள். நான்முகனுக்கு அதனை ஊர்தியாக்கினார்கள். காதலரிடையே தூது விடுத்தார்கள். மங்கையரின் நடைக்கு உவமை காட்டினார்கள். இத்தனை செய்தும், அதன் நிறத்தைப் பற்றி ஐயுறுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எவரும் நினைக்கவில்லை. அன்னத்தைக் கண்ணாற் கண்டவர் சிலர், காணாதவர் பலர். காணாதவர்க்கே அதன் வெண்மையில் உறுதி மிகுதியாக இருந்திருத்தல் கூடும்.

மேனாட்டாரும் இவ்விடயத்தில் வேறுபட்டவரல்லர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் வாழ்ந்த யுவெனால் என்னும் புலவர் அங்கதப் பாடல்கள் பலவற்றை இயற்றினார். அவற்றுள் ஆறாவதில், குறையொன்றுமில்லாத மனைவி ஒருத்தி உலகிற் கிடைப்பாளாயின் அவளைக் கறுப்பு அன்னத்துக்குத்தான் ஒப்பிடவேண்டும் என்று எள்ளி நகையாடினார். மகளிர் குலம் முழுவதையும் பழித்த அப்பாடலின் நேர்மை இங்கே ஆராய்ச்சிக்குரியதன்று. புலவர் கொண்ட உவமையே நோக்கத்தக்கது. உலகில் இல்லாத ஒன்றைச் சொல்ல அவருக்கு வேண்டியிருந்தது. கறுப்பு அன்னத்தைச் சொன்னார். கேட்டவர் அனைவர்க்கும் விளங்கிற்று. முயற்கொம்பு என்றும் ஆகாயத் தாமரை என்றும் நம்மவர் சொல்வது எதுவோ, அதுவே ஐரோப்பியருக்குப் பன்னூறு ஆண்டுகளாகக் கறுப்பு அன்னமாக இருந்தது.

அந்த முயற்கொம்பு 1697 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் முளைத்தது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சொந்தமான ‘ரிடர்ஸ்காப் வான் ஹொலண்ட்’ என்னும் கப்பல், 1694 ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து பத்தேவியாவை நோக்கிப் புறப்பட்டது. பத்தேவியா என்பது இன்றைய யகார்த்தா. புறப்பட்ட கப்பல் போய்ச் சேரவில்லை. அதில் இருந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் கதியும் தெரியவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையையும் கொழும்பையும் காலியையும் அந்நாளில் தன் ஆட்சியில் வைத்திருந்த அதே கம்பனி, அக்கப்பல் தென்றிசையிலுள்ள அறியாத நிலத்தின் கரையில் மோதி உடைந்திருக்கலாம் என்று கருதித் தேடுவதற்கு மூன்று கப்பல்களை அனுப்பிற்று. அவற்றின் தலைவர் வில்லெம் டி விளாமிங். வடகடலில் திமிங்கில வேட்டையிற் பழகியவர். 1696 ஆம் ஆண்டில் ஒல்லாந்தை விட்டுப் புறப்பட்ட அவர், அவ்வாண்டின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அண்மையிலுள்ள ஒரு தீவை அடைந்தார்.

தீவிலே அவர்கள் கண்ட பிராணிகள் பூனையளவு பருமனுடையன. வயிற்றுப்பையிற் குட்டியைச் சுமக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தவை. இன்று குவோக்கா என்று அழைக்கப்படுபவை. ஒல்லாந்த மாலுமிகளுக்கு அவ்வினம் பழக்கமில்லை. எலி பழக்கம். ஆகவே அவற்றைப் பெரிய எலிகள் என்று குறித்துக்கொண்டு, தீவுக்கு ‘எலிக்கூடு’ என்று பொருள்படும் ரொட்னெஸ்ட் என்னும் பெயரை வைத்துவிட்டார்கள். கண் புதியதைக் கண்டது. மனமோ தன்னிடமிருந்த பழைய பெயர்களுள் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டது. அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

சில நாள் கழித்து எதிரேயிருந்த பெருநிலத்தில் இறங்கினார்கள். அங்கே ஓர் ஆறு கடலிற் கலந்தது. படகுகளிலேறி அதன் வழியே மேற்சென்றபோது, நீரின்மீது அன்னங்கள் நீந்தக் கண்டார்கள். நீண்டு வளைந்த கழுத்து அன்னத்தின் கழுத்தே. நீரில் மிதக்கும் பாங்கும் அன்னத்தின் பாங்கே. நிறமோ கறுப்பு. அலகு சிவப்பு. எழுந்து பறக்கும்போது மட்டும் சிறகின் ஓரத்தில் மறைந்திருந்த வெண்மை வெளிப்பட்டது. இம்முறை எலி என்றும் வாத்து என்றும் வேறு பெயரிட்டுத் தப்பிக்க வழியில்லை. சிலவற்றைப் பிடித்துப் பத்தேவியாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஆற்றுக்கு ‘அன்ன ஆறு’ என்று பெயர் வைத்தார்கள்.

தேடிச் சென்ற கப்பல் கிடைக்கவில்லை. வணிகத்துக்கு ஏற்ற பொருளும் அந்நிலத்தில் இல்லையென்று கண்டதனால், கம்பனியார் அப்பயணத்தைப் பெரிதாக மதிக்கவுமில்லை. ஆனால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாக வழங்கிய ஓர் உவமை, எவரும் அதனை அழிக்க முயலாமலே, ஒரு படகுப் பயணத்தில் அழிந்துபோயிற்று. 1790 ஆம் ஆண்டில் ஆங்கில இயற்கை நூலறிஞர் யோன் லேதம் அப்பறவைக்கு அறிவியல் முறைப்படி பெயரிட்டார். அதன்பின் சில ஆண்டுகளில், நெப்போலியனின் மனைவி யோசபின் தன் மல்மேசன் மாளிகைப் பூங்காவிலே கறுப்பு அன்னங்களை வளர்த்தாள். இல்பொருள் உவமையாக இருந்தது, சீமாட்டியின் தடாகத்து அணியாயிற்று.

இக்கதையை இந்த அளவில் நிறுத்துவோர் பலர். ஆயின் கதையில் இடம்பெறாத ஒரு கூட்டத்தார் உளர். அந்த ஆற்றங்கரையிலே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த நூங்கார் மக்கள் அப்பறவையை ‘மாலி’ என்று அழைத்தனர். அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் கண்ட அன்னம் கறுப்பு. அவர்களின் குழந்தைகள் கண்ட அன்னமும் கறுப்பே. படகில் வந்தவர் வியந்து நின்ற அக்காலை வேளையில், வியப்புக்குரிய புதுமை எதுவும் ஆற்றில் இல்லை. வியப்பு முழுவதும் படகிற்குள்ளே இருந்தது. வெள்ளை அன்னம் ஒன்று அங்கே வந்து இறங்கியிருந்தால் நூங்கார் மக்களே வியந்திருப்பர்.

எதிர்பாராதது என்று எதைச் சொன்னாலும், எவர் எதிர்பாராதது என்று உடன் கேட்கவேண்டியிருக்கிறது.

அளவை நூலார் இந்தச் சிக்கலை வேறொரு வழியாக அணுகினர். பலமுறை கண்டதிலிருந்து ‘எப்போதும் அப்படியே’ என்று முடிவுசெய்யும் உரிமை மனிதனுக்கு உண்டா என்பது பழைய வினா. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டென்று துணிவதை நம் நாட்டுத் தருக்க நூலார் எத்துணையோ காலம் ஆராய்ந்தனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் போதிப்பவற்றுள் பெரும்பகுதி இந்த அளவை முறையே. எது நல்ல ஏது, எது போலி ஏது, எந்த எடுத்துக்காட்டுச் செல்லும், எது செல்லாது என்று அடிகள் விரித்துச் செல்வார். கதையின் சுவை கருதிப் படிக்கும் மாணவர் அப்பகுதியைத் தாண்டிச் செல்வது வழக்கம். உலோகாயதரோ ஒருபடி மேலே போய், எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் கண்டவர் ஒருவரும் இல்லையாகலின், ‘எங்கும் எப்போதும்’ என்று சொல்வதற்கே எவர்க்கும் தகுதியில்லை என்று மறுத்தனர்.

ஐரோப்பாவில் யோன் ஸ்டுவர்ட் மில் 1843 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவை நூலில், அன்னமெல்லாம் வெள்ளை என்ற முடிவை எடுத்துக்கொண்டு, அது பிழைபட்ட துணிபு என்பதற்கு அவுஸ்திரேலியப் பறவையையே சான்றாக்கினார். பின்னர் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் பொப்பர், 1934 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், எத்தனை வெள்ளை அன்னங்களைக் கண்டாலும் அன்னமெல்லாம் வெள்ளை என்ற கூற்று நிறுவப்பட்டதாகாது என்றார். ஒரு கறுப்பு அன்னம் போதும், அது வீழ்ந்துவிடும். ஆயிரம் சாட்சிகள் நிறுவ முடியாததை ஒரு சாட்சி மறுக்க முடியும் என்னும் இந்த ஒருபக்கச் சாய்வு, கேட்பதற்கு எளிது. வாழ்க்கையில் கைக்கொள்வது அத்துணை எளிதன்று.

அதனை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தவர், லெபனான் நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் பங்குச் சந்தைத் தொழிலில் ஈடுபட்ட நசீம் நிக்கலஸ் தலெப். 2007 ஆம் ஆண்டில் ‘கறுப்பு அன்னம்’ என்னும் பெயரிலேயே அவர் ஒரு நூலை எழுதினார். ஒரு நிகழ்ச்சி கறுப்பு அன்னம் எனப்படுவதற்கு அவர் வேண்டிய இயல்புகள் மூன்று. முன்னைய அனுபவத்தின் எல்லைக்கு அது வெளியே நிற்கவேண்டும். அதன் விளைவு மிகப் பெரிதாக இருக்கவேண்டும். மூன்றாவது இயல்புதான் நுட்பமானது: நிகழ்ந்து முடிந்த பின்னர், ‘இது வருமென்று அப்போதே தெரியும்’ என்று மனிதர் காரணம் கற்பித்துக்கொள்ளவேண்டும். மழை பெய்த பின் குடையின் அருமையைப் பேசுவோர் எல்லா ஊரிலும் இருப்பதால், இம்மூன்றாவதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

தலெப்பின் எண்ணம் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததன்று. அவர் இளைஞராக இருந்தபோது, 1975 ஆம் ஆண்டில், லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. பல சமயத்தவரும் பல நூற்றாண்டுகளாக ஒருங்கு வாழ்ந்த நாடு என்று பெயர் பெற்ற இடம் அது. போர் சில நாட்களில் முடிந்துவிடும் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தனர் என்று அவர் எழுதியிருக்கிறார். போர் 1990 ஆம் ஆண்டுவரை நீடித்தது. இலங்கை நேயர்களுக்கு இதற்குமேல் உரை வேண்டியதில்லை.

2008 ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அந்நூலின் பெயர் எல்லார் வாயிலும் அடிபடலாயிற்று. அடிபட்ட சொல் தேய்ந்தும் போயிற்று. கணக்கைச் சரியாகப் பார்க்காத முகாமையாளரும், பழுதான அணையைத் திருத்தாத பொறுப்பாளரும் ‘இது ஒரு கறுப்பு அன்னம்’ என்று சொல்லித் தப்பிக்கத் தலைப்பட்டனர். 2020 ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோயையும் பலர் அவ்வாறு அழைத்தபோது, தலெப்பே அதனை மறுத்தார். கொள்ளைநோய் வரக்கூடும் என்பது அறிந்தவர்க்குத் தெரிந்த செய்தி. ஆகவே அது வெள்ளை அன்னமே என்றார். எதிர்பாராதது வேறு, எதிர்பார்க்க மறுத்தது வேறு.

இந்த வேறுபாட்டை அறிய இலங்கையர் தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி காலையில் சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள கடலடியில் 9.1 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரம் என்பது ஓர் ஊர் முழுவதும் நடந்தே மேட்டுநிலத்துக்குப் போய்ச் சேரப் போதுமான நேரம். எவரும் போகவில்லை, போகச் சொல்வாரும் இல்லை. பசிபிக் சமுத்திரத்தில் இருந்ததைப் போன்ற எச்சரிக்கை ஒழுங்கு இந்து சமுத்திரத்தில் அன்று இல்லை. சில இடங்களிற் கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கியபோது, வெளித்தெரிந்த மணற்பரப்பைப் பார்ப்பதற்கென்றே மக்கள் இறங்கிச் சென்றனர். இலங்கையில் மாத்திரம் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நிலநடுக்கம் எழுந்த இடத்துக்கு மிக அண்மையில் சிமெலுவே என்னும் தீவு இருக்கிறது. அலை அங்கே சேர்வதற்குச் சில நிமிடங்களே ஆயின. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் தொகை எழுவர் என்பர். அங்கே எந்தப் பொறியும் ஒலிக்கவில்லை. எந்த வானொலியும் அறிவிக்கவில்லை. 1907 ஆம் ஆண்டில் அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. அந்நினைவைத் தீவு மக்கள் ‘சுமோங்’ என்ற ஒரே சொல்லில் அடைத்து, பாட்டிமார் வாய்வழியாகப் பேரர்க்குக் கொடுத்துவந்தனர். நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால், சாமான் எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு என்பதே அச்சொல்லின் முழுப் பொருள். அந்தக் காலையிலும் ஓடினார்கள்.

ஒரே அலை. ஒரு கரைக்கு அது கறுப்பு அன்னம். மற்றொரு கரைக்கு அது தெரிந்த பறவை.

நம்மவரிடத்து இத்தகைய நினைவு இல்லாமலிருந்ததா என்றால், இருந்தது. கடல்கோள் என்ற சொல் தமிழில் உண்டு. கடல் கொண்ட குமரிநாட்டை உரையாசிரியர் பேசினர். களனியைக் கடல் கொண்ட கதையையும், அதனைத் தணிக்க விகாரமாதேவி கடலில் விடப்பட்டதையும் இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் கேட்டிருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினம் கடல்வாய்ப்பட்டதை மணிமேகலை சொல்கிறது. ஆனால் அந்தக் கடல்கோள் பாடப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. பரீட்சையில் அதைப்பற்றி வினா வந்தது, விடையும் எழுதினார்கள். சிமெலுவே பாட்டியின் ஒரு சொல், கற்றவரின் பல நூல்களைவிட மிகுந்த பேரைக் காப்பாற்றிற்று என்பது வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டிய செய்தி.

மணிமேகலை அந்தக் கடல்கோளுக்குச் சொல்லும் காரணம் மேலும் உன்னத் தக்கது. சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி, நாகநாட்டு இளவரசி பீலிவளையிடத்துப் பெற்ற மைந்தனைக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். கப்பல் உடைந்து குழந்தை காணாமற்போகிறது. மன்னன் அக்குழந்தையைத் தேடும் துயரில் மூழ்கி, ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய இந்திர விழாவை மறந்துவிடுகிறான். அதன் பயனாக நகரத்தைக் கடல் கொள்கிறது. தெய்வத்தின் சாபம் என்ற பகுதியை நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். காப்பியப் புலவர் சாத்தனார் கண்ட உளவியல் உண்மை அதனின் வேறானது. மன்னன் கொடியவனல்லன், சோம்பேறியுமல்லன். அவன் கண் ஒன்றிலேயே நிலைகுத்தி நின்றது. நின்ற கண்ணுக்குப் பின்னால் கடல் எழுந்தது.

எதிர்பாராத ஆபத்தைக் குறிக்கும் கறுப்பு அன்னம், பித்தையும் குறிக்கும் சின்னமானது எவ்வாறு என்பது இவ்விடத்தில் விளங்கத் தொடங்குகிறது. இந்த இரண்டாவது பொருள் அளவை நூலிலிருந்து வந்ததன்று. நடன அரங்கிலிருந்து வந்தது.

ருஷிய இசைமேதை சைகோவ்ஸ்கி இசையமைத்த ‘அன்னத் தடாகம்’ என்னும் நடன நாடகம் 1877 ஆம் ஆண்டு மொஸ்கோ நகரின் பொல்சோய் அரங்கில் முதன்முதல் மேடையேறியது. அப்போது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. சைகோவ்ஸ்கி 1893 இல் இறந்தார். 1895 ஆம் ஆண்டில் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரிற் பெற்றிபா, இவானோவ் ஆகிய இருவரும் புதுக்கி அமைத்த பின்னரே அது உலகப் புகழ் பெற்றது. ஆக்கியோன் தன் ஆக்கத்தின் வெற்றியைக் காணவில்லை.

கதை எளியது. ஓடெற் என்னும் மங்கையை ஒரு மாயாவி அன்னமாக மாற்றியிருக்கிறான். இரவில் மட்டும் அவள் பெண்ணுருப் பெறுவாள். மாறாத காதலை ஒருவன் அவளுக்கென்று சூளுரைத்தால் மாயம் நீங்கும். இளவரசன் சீக்பிரீட் அவளைத் தடாகக் கரையிற் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறான். மறுநாள் அரண்மனை விழாவுக்கு மாயாவி தன் மகள் ஓடிலை அழைத்துவருகிறான். அவள் ஓடெற்றின் உருவை ஒத்தவள். இளவரசன் அவளே இவள் என்று கொண்டு, சபை நடுவில் ஓடிலுக்குச் சூளுரைத்துவிடுகிறான். சாளரத்துக்கு வெளியே உண்மையான ஓடெற் சிறகடித்துத் தவிக்கிறாள். சொல் போய்விட்டது, இனி மீளாது.

இருவர் வேடத்தையும் ஒரே நடனமாதே ஏற்பது 1895 முதல் வேரூன்றிய மரபு. அவ்வாண்டில் பியரினா லெஞ்ஞானி என்னும் இத்தாலிய நடனமாது இரண்டையும் ஆடினாள். ஓடிலாக வரும்போது ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு முறை தொடர்ந்து சுழன்றாள். ஓடிலுக்குக் கறுப்பு உடை அணிவிக்கும் வழக்கமோ இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் என்று இரசிகர் இன்று பிரித்துப் பேசுவது அந்த உடையினால் வந்தது. கறுப்பு உடையில் ஓடில் அவையில் நுழைகிறாள். பார்ப்போர் ஒவ்வொருவருக்கும் அவள் வேறொருத்தி என்று தெரிகிறது. இளவரசனுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் குருடனல்லன். அவன் மனத்திலே ஒரு வெள்ளை அன்னம் முன்னரே வந்து அமர்ந்துவிட்டது. அதனால் எதிரே கறுப்பு நின்றாலும் அவன் வெள்ளையையே காண்கிறான். ரொட்னெஸ்ட் தீவில் எலியைக் கண்ட மாலுமிகளும் இந்த இளவரசனும் செய்தது ஒன்றே.

2010 ஆம் ஆண்டில் டரன் அரோனொப்ஸ்கி இயக்கிய ‘கறுப்பு அன்னம்’ என்னும் திரைப்படம் இப்பொருளை நடனமாதின் உள்ளத்துக்குள்ளேயே கொண்டுபோயிற்று. நீனா என்பவள் பிழையில்லாமல் ஆடவேண்டும் என்ற ஒன்றையே உயிராகக் கொண்டவள். வெள்ளை அன்னத்தை எளிதாக ஆடுகிறாள். கறுப்பு அன்னம் அவளுக்குக் கைவரவில்லை. அதனைப் பெறவேண்டும் என்ற வேட்கை பித்தாகி, தன் இடத்தை மற்றொருத்தி கவர வந்துவிட்டாள் என்ற அச்சமாகி, முடிவில் தன் கையாலேயே தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள். எதிரியைக் குத்தியதாக அவள் நம்பிய கண்ணாடித் துண்டு அவள் உடலிலேயே தைத்திருக்கிறது. நீனாவாக நடித்த நற்றலி போட்மனுக்கு 2011 இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. படத்தின் சில காட்சிகள் கொடூரம் மிக்கவை. எல்லோரும் பார்க்கத் தக்கதன்று. எனினும் அவள் ஆபத்தை வெளியே தேடியதும், அது உள்ளே இருந்ததும் மறக்கமுடியாதவை.

பறவைக்கும் இந்தப் பித்து உண்டுபோலும். 2006 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் முன்ஸ்டர் நகரத்து ஏரியிலே ஒரு கறுப்பு அன்னம், உல்லாசப் பயணிகள் காலால் மிதித்துச் செலுத்தும் ஒரு படகின்மேல் காதல் கொண்டது. படகு பெரியதொரு வெள்ளை அன்னத்தின் வடிவில் அமைந்தது. பறவை படகை விட்டு நீங்காமல் அதனைச் சுற்றிச்சுற்றி வந்தது. குளிர்காலம் வந்தபோது நகரத்தார் வேறு வழியின்றிப் பறவையோடு படகையும் சேர்த்தே விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொண்டுசென்றனர். உலகச் செய்தித்தாள்கள் யாவும் இதனைப் படத்துடன் வெளியிட்டுச் சிரித்தன.

சிரிப்பதற்கு மனிதர்க்கு உரிமை குறைவு. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் மிகச் சிறந்த மூளைகள் சில அத்தகைய ஒரு படகைச் சுற்றி வந்தன.

1994 ஆம் ஆண்டில் யோன் மெரிவெதர் என்பவர் அமெரிக்காவில் ‘லோங் டேர்ம் கப்பிற்றல் மனேஜ்மன்ற்’ என்னும் முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மைரன் ஷோல்ஸ், ரொபேட் மேர்ட்டன் ஆகிய பேரறிஞர் இருவர் அதன் பங்காளர். பொருளியலுக்கான நோபல் பரிசை 1997 ஆம் ஆண்டில் இவ்விருவருமே பெற்றனர். நிறுவனத்தின் தொழிலை இப்படி விளக்கலாம். ஒரே தரமான நெல் அயலூர்ச் சந்தைகள் இரண்டில் சிறிது வேறுபட்ட விலைக்கு விற்கிறது என்று கொள்வோம். அந்த வேறுபாடு நெடுநாள் நிற்காது. இரண்டு விலையும் ஒருநாள் ஒன்றுசேரும். அதனை அறிந்தவன், மலிந்த இடத்தில் வாங்கி, உயர்ந்த இடத்தில் விற்பதற்கு உடன்பட்டு, விலைகள் சேரும்வரை காத்திருந்தால் இலாபம் காண்பான். நெல்லுக்குப் பதிலாக இவர்கள் அரசாங்கக் கடன் பத்திரங்களையும் அவைபோன்ற பிறவற்றையும் எடுத்துக்கொண்டனர். வேறுபாடு மயிரிழையளவே ஆதலால், ஈட்டமும் மயிரிழையளவே. அதைப் பெருக்குவதற்கு ஒரே வழி, கடன் வாங்கிப் பெருந்தொகையை இறக்குவது. 1998 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களிடமிருந்த சொந்த முதல் ஏறத்தாழ 470 கோடி டொலர். அதனை வைத்துக்கொண்டு அவர்கள் பெற்றிருந்த கடனோ 12,000 கோடி டொலருக்கு மேற்பட்டது.

முதலில் வெற்றி வந்தது. 1995 இலும் 1996 இலும் இலாபம் நூற்றுக்கு நாற்பது வீதத்தைத் தாண்டிற்று. வெற்றியே சான்றாயிற்று. ஒவ்வொரு நல்ல மாதமும் ஒரு வெள்ளை அன்னம். அத்தனை அன்னங்களைக் கண்டபின் ஐயத்துக்கு இடமேது? 1997 இறுதியில், வெளியார் தந்திருந்த முதலில் 270 கோடி டொலரை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டனர். சொந்தப் பங்கு பெருகவேண்டும் என்பதே எண்ணம். பணம் போதும் என்று திருப்பியனுப்பப்பட்டவர்கள் அன்று மனம் வருந்தியிருப்பர்.

1998 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17 ஆந் திகதி, ருஷிய அரசாங்கம் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்து, உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திற்று. அச்சங்கொண்ட முதலீட்டாளர் உலகெங்கும் மிகப் பாதுகாப்பான பத்திரங்களை நோக்கி ஓடினர். ஒன்றுசேரவேண்டிய விலைகள் எதிர்த்திசையில் விலகின. ஓகஸ்ட் 21 ஆந் திகதி ஒரே நாளில் நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டம் ஏறத்தாழ 55 கோடி டொலர். விலைகள் நாளடைவில் ஒன்றுசேரும் என்ற அவர்களின் கணக்கு முற்றிலும் பிழையன்று. ஆனால் கடன்காரன் நாளடைவுவரை காத்திருப்பதில்லை. நான்கு மாதங்களுக்குள் 460 கோடி டொலர் கரைந்தது. செப்டெம்பர் மாதம் நியூயோர்க் மத்திய ஒதுக்கு வங்கியின் முன்னிலையில் 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கூடி, 360 கோடி டொலர் இட்டு அந்நிறுவனத்தைத் தாங்கின. அது சரிந்தால் தாங்களும் சரிவோம் என்று அவை அஞ்சின. 2000 ஆம் ஆண்டளவில் நிறுவனம் மூடப்பட்டது.

ருஷிய நெருக்கடியைக் கறுப்பு அன்னம் என்று எழுதியோர் பலர். அரசாங்கம் ஒன்று கடனை மறுப்பது உலக வரலாற்றில் புதிதன்று. ருஷியாவின் புரட்சி அரசே 1918 இல் தன் முன்னோர் பட்ட கடனை மறுத்திருக்கிறது. அந்தக் கணக்கறிஞர் வரலாறு அறியாதவரல்லர். ஆனால் அவர்களது கணக்கு அண்மைக் காலத்து விலைகளைக் கொண்டு கட்டப்பட்டது; அழகாகவும் இருந்தது. அழகான ஒன்றைத் தான் கட்டியவன் அதனைச் சந்தேகிப்பது, தான் பெற்ற பிள்ளையைச் சந்தேகிப்பதைவிடக் கடினம். நெடுமுடிக்கிள்ளிக்குக் குழந்தை, சீக்பிரீட்டுக்கு ஓடெற், இவர்களுக்கு ஒரு சமன்பாடு. அதற்கு அப்பால் எழுந்ததைக் காணக் கண் இருந்தும் நோக்கு இருக்கவில்லை.

டி விளாமிங் படகேறிச் சென்ற ஆற்றின் கரையில் இன்று பேர்த் நகரம் இருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலிய மாநிலத்தின் கொடியிலே கறுப்பு அன்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாற்றின் மேற்பகுதிக்கு ஏவன் ஆறு என்று பெயர். அதன் கரையிலுள்ள நோர்தம் என்னும் சிற்றூருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வெள்ளை அன்னங்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அவை அங்கே பெருகி நிலைத்தன. ஊரார் அவற்றுக்குத் தீனியிட்டுப் பேணுகின்றனர். கறுப்பு அன்னத்தின் நாட்டிலே, தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவோர், அவ்வாற்றங்கரையில் நின்று, வெள்ளையாகவும் அன்னம் இருக்கிறது என்று காட்டிச் செல்கின்றனர்.